மலாக்காவில் ஒரு பகல்

உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றின்பொருட்டுக் கல்லூரி விடுமுறையிலே கோலாலம்பூருக்குச் சென்றிருந்தோம் என்பதைச் சென்ற கிழமை இப்பகுதியிற் குறிப்பிட்டிருந்தோம். திருமணமும் விருந்தும் நிறைவேறிய பின்னர், ஊர் திரும்புவதற்கு இரண்டு நாட்கள் எஞ்சியிருந்தன. உடன் வந்தோர் கடைத்தெருக்களுக்குப் போகப் புறப்பட்டனர். நாமோ விடியற்காலையிலே பஸ் நிலையத்திற்குச் சென்று மலாக்காவுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டோம்.

மலாக்காவைக் காணவேண்டும் என்ற ஆவலுக்கு எமது தொழில் ஒரு காரணம். பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சரித்திரம் கற்பித்து வருகிறோம். 1511, 1641 என்னும் ஆண்டுகளைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதி அழித்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. எழுதியவன் ஒருமுறையேனும் அவ்விடத்தைக் காணவேண்டாமா?

மற்றைய காரணம் எமது அம்மம்மா.

அம்மம்மா 1934ஆம் ஆண்டு மலாக்காவிலே பிறந்தவர். அவருடைய தந்தையாரான எமது பூட்டனார், அக்காலத்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலரைப்போல ஆங்கிலம் கற்று, கப்பலேறி, மலாயாப் புகையிரதப் பகுதியிலே கிளாக்கராக அமர்ந்தவர். நிலைய அதிபர், கிளாக்கர், கணக்கர் என்று அப்பகுதியில் எம்மவர் பலர் பணியாற்றியதையும், அவர்கள் அனுப்பிய பணத்தால் எமது கிராமங்களில் எழுந்த நாற்சார் வீடுகளையும், "மலாயாப் பென்சன்" என்ற சொல்லுக்கு ஒரு காலத்திலிருந்த மதிப்பையும் முதிய வாசகர் அறிவர். 1940ஆம் ஆண்டு, தமது தாயாரின் பிரசவத்துக்காக ஆறு வயதுச் சிறுமியாய் அவருடன் ஊருக்கு வந்த அம்மம்மா, பின்னர் மலாக்காவைக் காணவில்லை. தந்தையையும் காணவில்லை. 1941 மார்கழியில் யப்பானியர் மலாயாவிலே இறங்கினர். கடிதங்கள் நின்றன. யுத்தம் முடிந்த மறு ஆண்டு, உடன் வேலை செய்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பூட்டனார் "லைனோடு வடக்கே அனுப்பப்பட்டார்" என்றும், சயாம் தேசத்துக் காட்டிலே வாந்திபேதி கண்டு இறந்தார் என்றும் அதில் இருந்தது. "லைன்" என்பதைத் தோட்டக் கூலிகளின் லைன் என்றே எங்கள் வீட்டார் பொருள்கொண்டனர். கூலியாட்களோடு அவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்பதே எங்கள் குடும்பத்தில் எண்பது ஆண்டுகளாக வழங்கிவரும் கதை. கிளாக்கருத்தியோகத்தில் இருந்தவரைக் கூலிகளோடு அனுப்பினார்களே என்ற ஒரு குறை, சொல்லக் கூச்சப்படும் குறை, அக்கதையோடு எப்போதும் ஒட்டியிருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் அம்மம்மா ஒரு பழைய நிழற்படத்தை எமது கையிலே தந்தார். வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் அணிந்த ஒருவர் புகையிரத மேடையிலே நிற்கிறார். அவர் தலைக்குமேல் ஒரு மணி தொங்குகிறது. "அந்த மணியை நான் ஒருநாள் அடிச்சுப்போட்டு ஐயாவிட்டைப் பேச்சு வாங்கினனான். அது இப்பவும் இருக்கோ எண்டு பாத்துக்கொண்டு வா, ராசா" என்றார். தொண்ணூறைக் கடந்தவர் கேட்டது அது ஒன்றே.

பஸ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடிற்று. வழிநெடுகச் செம்பனைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் றப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல இன்று எண்ணெய்ப் பனைக்கு மாறிவிட்டன.

நகரின் நடுவிலே இறங்கியதும் கண்ணிற்படுவது சிவப்பு. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கட்டிய நகர மண்டபமும், அதன் பக்கத்திலுள்ள கிறிஸ்து ஆலயமும், சுற்றிலுமுள்ள கட்டடங்களும் ஒரே செம்மண் நிறம் பூசப்பெற்றுள்ளன. ஒல்லாந்தர் காலத்தில் இவை வெள்ளையாகவே இருந்தன. சிவப்பு ஆங்கிலேயர் காலத்து வேலை. முன்றிலிலே காகிதப் பூக்களாலும் பொம்மைகளாலும் சோடிக்கப்பட்ட மூன்று சக்கர வண்டிகள், உரத்த பாட்டுகளை முழக்கிக்கொண்டு உல்லாசப் பிரயாணிகளுக்காகக் காத்து நின்றன. ஒரு வண்டிக்காரர் எம்மை அழைத்தார். வண்டியின் அலங்காரத்தைப் பார்த்தோம். எமது வேட்டியையும் பார்த்தோம். நடப்பதே உத்தமம் என்று தீர்மானித்தோம்.

மலாக்கா நதியைக் கண்டபோது ஓர் ஏமாற்றம் உண்டாயிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. உலக வாணிபமெல்லாம் வந்து குவிந்த நதி இவ்வளவு ஒடுக்கமானதா? ஆனால் சற்று நேரம் பாலத்தின்மேல் நின்று யோசித்தபோது, நதியின் அகலத்தில் அன்று, காற்றின் திசையிலேதான் இந்நகரின் செல்வம் இருந்தது என்ற பாடநூல் உண்மை நினைவுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வரும் மரக்கலங்களைத் தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணர்ந்தது. சீனத்துக் கப்பல்களை வடகிழக்குப் பருவக்காற்றுக் கொணர்ந்தது. இரண்டும் சந்திக்கும் முடுக்கிலே மலாக்கா இருந்தது. வந்தவர் திரும்புவதற்குக் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கவேண்டும். தங்குவோருக்குப் பண்டசாலை வேண்டும், கடை வேண்டும், வழக்குத் தீர்ப்பார் வேண்டும். சுல்தான்களின் காலத்திலே வணிகரை மேற்பார்வையிட நான்கு துறைமுக அதிபர்கள் இருந்தனர். குசராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையார், வங்காளத்தார், பெகு நாட்டார் முதலியோருக்கு ஒருவர், சாவகத்தார் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர். 1512 முதல் சில ஆண்டுகள் இங்கிருந்த தொமே பிரெஸ் என்னும் போர்த்துக்கேயர், இத்துறையிலே 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதிவைத்தார். தமிழர் இங்கே விட்டுச்சென்ற சுவடுகளை மலாய் மொழியிலே இன்றும் காணலாம். கப்பலை மலாயர் "காப்பால்" என்பர், கடையைக் "கெடை" என்பர், பெட்டியைப் "பெத்தி" என்பர். வணிகர் சுமந்துவந்த மூன்று பொருள்களும் பெயரோடு இறங்கிவிட்டன.

நகரின் பெயரும் எமக்கு அந்நியமன்று. 1400ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், பலெம்பாங்கிலிருந்து வந்த பரமேசுவரன் என்னும் இளவரசன், இந்நதியோரம் ஒரு மரத்தடியிலே இளைப்பாறியபோது, சருகுமான் ஒன்று அவனுடைய வேட்டை நாயை எதிர்த்து உதைத்து நீரிலே தள்ளிற்றாம். சிறியது பெரியதை வெல்லும் மண் இது என்று கருதி, அங்கே நகர் அமைத்து, நிழல் தந்த மரத்தின் பெயரையே சூட்டினான் என்பது மலாயர் மரபுக்கதை. அம்மரம் வேறொன்றுமன்று, நமது நெல்லியே. ஆமலகம் என்ற வடசொல்லே அங்கே மெலாக்கா ஆயிற்று. கதை எப்படியாயினும், அந்நகர் விரைவிலே வளர்ந்தது. சீனத்துக் கடற்றளபதி செங் ஹோ தமது பெருங்கப்பல்களோடு இத்துறைக்கு வந்தார். காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கும், சீனம், பாரசீகம், தமிழ் என்னும் மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டு தேதியிட்டு அவர் நாட்டுவித்ததே என்பதை மாணவர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

குன்றின் அடிவாரத்திலே ஒற்றைக் கல்வாயில் ஒன்று நிற்கிறது. 1511இல் அல்புக்கேர்க் நகரைப் பிடித்தபின் எழுப்பிய பெருங்கோட்டையில் எஞ்சியது இவ்வளவே. 1807இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்த்தனர். ராபிள்ஸ் என்பவர் தலையிட்டதனால் இவ்வாயில் பிழைத்தது என்பர். ஒரு காலத்தில் அலை வந்து மோதிய இடம் இது. பின்னாளிற் கடலை மண்ணிட்டு நிரப்பி, கடைகளும் விடுதிகளும் கட்டியதனால், இன்று வாயில் நகருக்குள்ளே அகப்பட்டுக் கிடக்கிறது. வாயிலின் மேலே ஒல்லாந்தக் கும்பனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் உள்ளன. கட்டியவர் போர்த்துக்கேயர், 1641 தையில், நீண்ட முற்றுகையின் பின் கைப்பற்றித் தம் முத்திரையைப் பொறித்தவர் ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்துக் கோட்டையும் பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1658இல், இவ்வாறே கைமாறிற்று.

இவ்விடத்திலே நைனா சாட்டு என்னும் வணிகனைப்பற்றிச் சொல்லாமல் அப்பாற் செல்ல மனமில்லை. மாணவர்க்கு நாம் இதுவரை அவனைப்பற்றிச் சொன்னதில்லை. பாடத்திட்டத்திலே அவனுக்கு இடமில்லை. அவன் மலாக்காவிலிருந்த இந்து வணிகருட் பெருஞ்செல்வன். 1511க்கு முன்னர், சுல்தானின் சிறையில் இருந்த போர்த்துக்கேயருக்கு மறைவாக உதவி புரிந்தான். நகரைப் பிடித்த அல்புக்கேர்க் அந்நன்றிக்காக அவனைப் பண்டகாரன் என்னும் உயர்பதவியில் அமர்த்தி, முகம்மதியர் அல்லாத மக்களுக்குத் தலைவனாக்கினான். மூன்று ஆண்டுகள் கழிந்தன. புதிதாக வந்த அதிகாரிகளுக்கு வேறு கணக்கு இருந்தது. பதவியை அவனிடமிருந்து பறித்துக் கம்பார் நாட்டு அரசனுக்குக் கொடுத்தனர். அவமானத்தைத் தாளாத கிழவன், சந்தனக் கட்டைகளை அடுக்கி மேடை அமைத்து, பட்டுத்துணிகளால் அலங்கரித்து, ஊரார் கூடியிருக்கத் தான் செய்த ஊழியத்தையும் பெற்ற கூலியையும் எடுத்துச் சொல்லிவிட்டுத் தீயிற் புகுந்தான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியரே எழுதியுள்ளனர். அவன் செய்தது நன்மையா, துரோகமா? வகுப்பில் இக்கேள்வியை எழுப்பினால் ஒரு பாடவேளை போதாது. அடுத்த தவணையில் எழுப்பிப் பார்க்க எண்ணியிருக்கிறோம்.

குன்றின் உச்சியிலே, கூரையிழந்த புனித பவுல் ஆலயம் இருக்கிறது. 1521இற் சிறு ஆலயமாகத் தொடங்கியது. சவேரியாரின் உடல் 1553இற் கோவைக்குக் கொண்டுசெல்லப்படுமுன் சில காலம் இங்கே அடக்கம் பண்ணப்பட்டிருந்தது. சுவரோடு சாத்தியிருக்கும் ஒல்லாந்தக் கல்லறைக் கற்கள் ஆளுயரத்துக்கும் மேலானவை. காற்று நன்றாக வீசிற்று. கடலை அங்கிருந்து பார்த்தோம். அது தூரத்திலே, கட்டடங்களுக்கு அப்பால் இருந்தது.

கீழே இறங்கிக் கிறிஸ்து ஆலயத்துள் நுழைந்தோம். ஒல்லாந்தர் 1741இல் தொடங்கி 1753இல் முடித்த கோயில். தூணின்றி அகன்று கிடக்கும் கூடத்தின் மேலே, நீண்ட முழுமர உத்தரங்கள். வாங்குகளும் பழையவை. ஞாயிறு தோறும் இன்றும் வழிபாடு நடக்கிறது. நாம் சைவர், எனினும் அங்கே ஒரு வாங்கிலே நெடுநேரம் இருந்தோம். யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளும் இதே கும்பனியார் 1706இல் எழுப்பிய, சிலுவை வடிவான கோயில் ஒன்று இருந்தது. மலாக்காக் கோயிலிலும் அரை நூற்றாண்டு மூத்தது. 1990இற் கோட்டையைச் சுற்றிப் போர் நடந்தபோது நாம் பத்து வயதுச் சிறுவர். இரவிலே குண்டோசையைக் கேட்டதுண்டு. கோயிலை ஒருநாளும் கண்டதில்லை. போர்க்காலத்தின் பின்னர் கோட்டைக்குள் நாம் முதன்முதலாகச் சென்றபோது, அவ்விடத்திலே கற்குவியல் இருந்தது. அக்கோயில் எப்படி இருந்தது என்பதை, இவ்வளவு தூரம் வந்து, வேறொருவர் ஊரிலே அதன் தம்பியைப் பார்த்து ஊகிக்கவேண்டியிருந்தது.

மத்தியானம் வாழையிலையில் மரக்கறிச் சோறு கிடைத்தது. பின்னர், "செண்டோல்" என்னும் குளிர்ந்த தேங்காய்ப்பாற் பண்டம் ஒன்றை உண்டோம். அதிலே வார்க்கும் கருஞ்சர்க்கரைக்கு மலாக்காச் சர்க்கரை என்றே பெயர். தென்னம்பாளையின் பதநீரிற் காய்ச்சுவது. எங்கள் பனங்கட்டியின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். பனங்கட்டியே மேல் என்பது எமது பக்கச்சார்பான தீர்ப்பு.

இனி அம்மம்மாவின் மணியைத் தேடவேண்டும். நகரிலே இளைஞர் மூவரிடம் புகையிரத நிலையம் எங்கே என்று விசாரித்தோம். மூவரும் இங்கே புகையிரதம் இல்லையென்றனர். ஒருவர் எமக்காக இரங்கி, தம்பின் என்னும் ஊருக்குப் போகும்படி வழியும் சொன்னார். பொற்கொல்லர் தெருவிலே, மலாக்காச் செட்டிகள் 1781இற் கட்டிய விநாயகர் கோயிலைத் தரிசித்தபோது, அங்கிருந்த ஒருவர், காஜா பெராங்கிலே உள்ள செட்டிக் கிராமத்துக்குச் சென்று முதியவர்களைக் கேட்கும்படி கூறினார்.

மலாக்காச் செட்டிகளைப்பற்றி வாசகர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். சுல்தான்கள் காலத்திலே இங்கு வந்து, இந்நாட்டுப் பெண்களை மணந்து நிலைத்துவிட்ட தமிழ் வணிகரின் சந்ததியார். வீட்டு மொழி மலாய். பெண்கள் உடுப்பது மலாயர் போலச் சாரமும் கெபாயாவும். தமிழ் ஏறக்குறைய முற்றாக மறந்துவிட்டது. ஆனால் சமயம் மறக்கவில்லை. போகிப் பண்டிகையன்று முன்னோருக்குப் படையலிடுகிறார்கள், பொங்கல் பொங்குகிறார்கள், மாரியம்மனுக்கு விழா எடுக்கிறார்கள். மொழி போனால் யாவும் போயிற்று என்று மேடைகளிற் பேசுவோருள் நாமும் ஒருவர். அக்கிராமத்திலே அந்தப் பேச்சை நினைத்துச் சிறிது கூச்சமாக இருந்தது.

ஒரு வீட்டுத் திண்ணையிலே, நெற்றியில் விபூதியோடு இருந்த முதியவர் ஒருவர் எம்மை இருக்கச் சொன்னார். அவர் மலாயிலே பேச, அவருடைய பேர்த்தி ஆங்கிலத்திற் பெயர்த்தார். நிழற்படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தவர், சிரித்தார். "இந்த நிலையம் உம்முடைய பூட்டனுக்குப் பின் நெடுநாள் இருக்கவில்லை" என்றார். யப்பானியர் வந்தபின் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய பாதையின் தண்டவாளங்களைக் கழற்றி, சயாமிலிருந்து பர்மாவுக்கு இடப்பட்ட பாதைக்காகக் கொண்டுபோனதை அவருடைய தந்தையார் நேரிலே பார்த்திருந்தாராம். "தண்டவாளம், கட்டைகள், எல்லாம் போயிற்று. முழு லைனும் போயிற்று" என்று பேர்த்தி மொழிபெயர்த்தாள்.

அந்தச் சொல் எம்மைத் திடுக்கிட வைத்தது. லைன்! எண்பது ஆண்டுகளாக நாம் பிழையாகவே வாசித்திருக்கிறோம். பூட்டனார் கூலிலைனோடு அனுப்பப்படவில்லை. அவர் வேலைபார்த்த புகையிரதப் பாதையையே பிடுங்கி அனுப்பியபோது, அதனோடு அனுப்பப்பட்டிருக்கிறார். சரித்திரம் படிப்பிக்கும் எமக்கு 415 கிலோமீற்றர் நீளமான அந்தச் சயாம் பாதையைத் தெரியும். அது 1942, 1943ஆம் ஆண்டுகளில் இடப்பட்டதும் தெரியும். மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாய் மாண்டதும் தெரியும். அதன் தண்டவாளங்கள் எங்கிருந்து வந்தன என்று மாத்திரம் ஒருநாளும் கேட்டதில்லை. கூலிகளோடு போனார் என்று வெட்கப்பட்டோமே, அதுவும் எவ்வளவு சிறுமை! சாகும்போது அவர் பக்கத்திலே கிடந்தவர்கள் அவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்.

முதியவரின் பேரன் தமது மோட்டார் சைக்கிளில் எம்மை ஏற்றிச்சென்று, நிலையம் இந்தப் பக்கமாகத்தான் இருந்தது என்று ஓரிடத்தைக் காட்டினார். கடைகளும் மோட்டார் வண்டிகளுமே இருந்தன. படமெடுக்க ஒன்றுமில்லை. எனினும் ஒரு படம் எடுத்தோம்.

அன்றிரவு கோலாலம்பூரிலிருந்து அம்மம்மாவோடு தொலைபேசியிற் பேசினோம். நிலையம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணியதை ஒளிக்காமல் எழுதுகிறோம். சொல்லவில்லை. தண்டவாளம் கழற்றிய கதையையும், கடிதத்திலிருந்த சொல்லின் பொருளையும் ஆறுதலாக எடுத்துரைத்தோம். மறுமுனையிலே நெடுநேரம் சத்தமில்லை.

"அப்ப ஐயா தன்ரை ரெயிலோடைதான் போயிருக்கிறார்" என்றார் அம்மம்மா.

"ஓம், அம்மம்மா."

"மணியையும் கழட்டிக்கொண்டு போயிருப்பாங்கள்."

"போயிருப்பாங்கள்."

மறுபடியும் சற்று மௌனம். பின்பு, "அந்தச் செட்டியார் வீட்டிலை உனக்குத் தேத்தண்ணி தந்தவையோ?" என்று கேட்டார். தந்தார்கள் என்றோம். எத்தனை சீனி என்றும் கேட்டார்.